கேட்டியா

தமிழில் ‘கேட்பது’ என்ற சொல்லை உண்டாக்கியவன் மகா சிக்கனக்காரன். காது செய்கிற வேலைக்கும் வாய் செய்கிற வேலைக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டுப் போய்விட்டான். மேட்ரன் அக்காவைப் பார்த்திருந்தால் அதையும் மிச்சம் பிடித்திருப்பான். அக்கா யாரிடமும் எதையும் கேட்கமாட்டாள். யார் சொல்வதையும் கேட்கமாட்டாள்.

கூடப் பிறந்த அக்கா இல்லை. புதுக்கடையில் நான் செல்போன் கடை வைத்திருந்தபோது, கடைக்குப் பின்னால் போகிற தெருவில் இருந்தவள். சவூதியில் ஒரு ஆஸ்பத்திரிக்கு நர்ஸாகப் போய், அங்கே மேட்ரனாகி, வேலையை விட்டு ஊருக்கு வந்த பிறகும் மேட்ரனாகவே இருந்தாள். அவள் வாசலைக் கடக்கும்போது பீடி குடிக்கிறவர்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைப்பார்கள். இப்போது புருஷனும் பெண்டாட்டியுமாக மகளோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். அந்த நாட்டின் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் உண்டு.

நான் கடை போட்ட புதிதில் ஒருமுறை அவள் லீவில் வந்திருந்தாள். கருங்கலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். பஸ்ஸில் ஏறும்போது ‘கருங்கல் போகுமா’ என்று கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்தது. கேட்கவில்லை. பஸ் அவளைத் தேங்காப்பட்டணத்தில் கொண்டு இறக்கியது. அதே பஸ்ஸில் நானும் இருந்தேன். பட்டுச்சேலையும் கழுத்து நிறைய நகையுமாகக் கடற்கரையில் நின்றவளிடம், “அக்கா, பஸ்ஸு மாறிப் போச்சா?” என்றேன்.

“மீனு வாங்க வந்தேன்” என்றாள்.

சொன்ன வாய்க்கு மரியாதை வேண்டுமே என்று ஒரு பெரிய நெய்மீனை வாங்கி, அடுத்த பஸ்ஸைப் பிடித்து, அந்த மீனோடேயே கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். மணமக்களுக்கு ஆசீர்வாதம் செய்த கையில் மீன் வாடை அடித்தது என்று கருங்கல்காரர்கள் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியிலும் அப்படித்தானாம். எந்த நோயாளியிடமும் எங்கே வலிக்கிறது என்று கேட்டதே இல்லை என்று பெருமையாகச் சொல்வாள். “மொகத்தப் பாத்தா தெரியாதா? வலிக்கவன்ட்ட போயி வலிக்கான்னு கேக்கதுக்கா என்னய வச்சிருக்கு?” இதைக் கேள்வி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அக்காவின் பேச்சில் கேள்விக்குறி வந்தால் அது நம்மைக் கொக்கி போட்டு இழுப்பதற்குத்தான்.

ஊரார் சர்க்கரையை எல்லாம் அளந்து திட்டியவளுக்கு அவள் சர்க்கரையை யார் சொல்வது? டாக்டர் சொன்னார். “அவன் சின்னப் பயல், எனக்க மக வயசு” என்று சொல்லிவிட்டு ஏத்தம்பழத்தைப் பொரித்துத் தின்றாள். திரும்பி வந்த சில வருடங்களில் கண் மங்கியது. ஆள் வருவது தெரியும், வருகிற ஆள் யாரென்று தெரியாது. எழுத்து சுத்தமாகப் போய்விட்டது.

எழுத்து போனதுதான் பெரிய அடி. எல்லாரும் கல்ஃபிலிருந்து கம்பளியும் ஸ்பிரேயும் கொண்டுவருவார்கள். அக்கா கொண்டுவந்த அட்டைப்பெட்டிகளில் துப்பறியும் மாத நாவல்கள் இருந்தன. இங்கிருந்து கப்பலேறிப் போனவையெல்லாம் நைட் டியூட்டியில் படிக்கப்பட்டு, திரும்ப இங்கேயே வந்து சேர்ந்திருந்தன. அவளுக்குக் கொலையில்லாமல் தூக்கம் வராது.

அத்தான் அவளுக்கு நேர் எதிர். அக்காவின் புருஷனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். கருங்கலில் ரப்பர் ஷீட் கடை நடத்தி ஓய்ந்தவர். கேள்வி கேட்காமல் அவரால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. மீன்காரியிடம் சாளை வாங்கப் போனால் எந்தக் கரை, எப்போது பிடித்தது, வள்ளத்தில் போனவர் யார் என்று விசாரிப்பார். “அண்ணாச்சி, மீனுக்கு உங்க வீட்டுல பெண்ணு குடுக்கப் போறியளா?” என்று அவள் ஒருநாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் கடைக்கு வந்தால், “மக்கா, இந்தப் போனுக்க உள்ள இத்தன பேரு பேசுதாவளே, ஒருத்தன் பேச்சு இன்னொருத்தன்ட்ட மாறிப் போவாதா?” என்பார்.

போதாததற்கு ஒவ்வொரு பேச்சுக்கும் வாலாக ஒரு ‘கேட்டியா’ வேறு. எங்கள் பக்கத்தில் கேட்டியா என்பது உண்மையில் கேள்வியே அல்ல. பேச்சுக்கு நடுவே மூச்சு விடுகிற இடம். “மழ வரும்போல இரிக்கு, கேட்டியா” என்றால் பேச்சு மழையைப் பற்றியது, காதைப் பற்றியது அல்ல. அதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. அத்தான் மட்டும் கேட்டியா சொல்லிவிட்டுச் சற்று நின்று எதிராளி முகத்தைப் பார்ப்பார். எதிராளி அக்காவாக இருந்தால் அந்த நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போயிருப்பாள்.

கண் போனதும் அத்தான் ஒரு நாவலை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். “நான் வாசிச்சுத் தாறேன் பிள்ளே.” ரெண்டு பக்கம்கூட ஓடவில்லை. “பிள்ளே, இவனுக்கு இந்தத் துப்பாக்கி எங்கேருந்து கெடச்சிருக்கும்? லைசென்ஸு வேண்டாமா?” என்று ஆரம்பித்தார். அக்கா புத்தகத்தைப் பிடுங்கி மூடினாள். மறுநாள் சுவரைத் தடவிக்கொண்டே என் கடைக்கு வந்துவிட்டாள்.

“அவரு மாடி முறியில இருந்து வாசிச்சு போனுல பதிஞ்சு வைக்கட்டு. நான் கீழ இருந்து எனக்குத் தோணும்போ கேட்டுக்கிடுவேன். போடுங்க, நிறுத்துங்கன்னு ஒருத்தரட்டயும் போயி நிக்க மாட்டேன். நீ அதுக்கு வழி செய்யி.”

செய்தேன். என் கடை மூலையில் தூசி தின்றுகொண்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை அவள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே குடிவைத்தேன். அத்தான் தன் போனில் வாசித்துப் பதிகிறதை சனிக்கிழமை சனிக்கிழமை மெமரி கார்டில் வாங்கி அதில் ஏற்றுவேன். வீட்டு வைஃபை வழியாக அது அக்காவின் போனுக்கு வரும். அவள் போனிலேயே ஏற்றியிருக்கலாம். போன் முழுக்க மகள் அனுப்பிய பேரப்பிள்ளை வீடியோ. அதை அழிக்கச் சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. சுவரில் ஆண்டவரின் திருஇருதயப் படத்துக்குக் கீழே சிவப்பு விளக்கு, படிக்குக் கீழே கம்ப்யூட்டரின் பச்சை விளக்கு. கரண்டு போனால் இரண்டுக்கும் ஒரே கதி.

பாக்கி இருந்தது ஒரு ஆப். கம்ப்யூட்டரில் இருக்கிற புத்தகத்தைப் போனில் ஓடவிடுகிற ஆப். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஆப் போட்டுக் கொடுத்தவன்தான் நான். கண் தெரியாத ஒருத்திக்குப் போடப் போய்த்தான் ஆப் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன்.

முதலில் போட்டது எல்லாரும் புகழ்ந்த ஆப். புத்தக அட்டைகளை மர அலமாரியில் அடுக்கி வைத்தது போல அழகாகக் காட்டும். கண் தெரியாதவளுக்கு அலமாரி காட்டப் போன என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அக்கா வாயால் அடித்தாள். “கண்ணு போனது எனக்கா உனக்கா?”

இரண்டாவதில் பெரிய பெரிய பொத்தான்கள். தொட்டால் பேர் சொல்லும். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் அது தானாக நின்று, ‘இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா?’ என்று விசாரிக்கும். சரியாகக் கத்தியை ஓங்குகிற இடத்தில் விசாரித்திருக்கிறது.

“கேள்வி கேக்க ஆப்பு எனக்கு வேண்டாம்” என்றாள் அக்கா. “அதுக்குத்தான் மாடியில ஒருத்தரு இருக்காருல்லா.”

மூன்றாவது வேறு விதமாகக் காலை வாரியது. அத்தான் தான் வாசிக்கிற அத்தியாயங்களுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எழுத்தால் பேர் வைத்திருந்தார். எண்ணாகப் போட்டிருந்தால் வம்பில்லை. ஆப் படித்த பிள்ளை அல்லவா, அகரவரிசைப்படி அடுக்கிவிட்டது. முதலில் அஞ்சு. பிறகு ஆறு, எட்டு, ஏழு, ஒண்ணு, ஒம்பது, நாலு, பத்து, மூணு. எல்லாவற்றுக்கும் கடைசியில் ரெண்டு.

வேறு யாராக இருந்தாலும் ‘என்னடா இது, தலையும் இல்ல வாலும் இல்ல’ என்று கேட்டிருப்பார்கள். அக்கா ஒரு முழு நாவலையும் அஞ்சில் தொடங்கி ரெண்டில் முடித்தாள். அஞ்சாம் அத்தியாயத்தில் பிணம் கிடக்கிறது. பத்தில் கைவிலங்கு மாட்டுகிறார்கள். கடைசியாக வருகிற ரெண்டில், பிணமாகப் போகிறவர் கிணற்றடியில் நின்று பல் தேய்க்கிறார்.

“எழுதினவன் கெட்டிக்காரன்” என்றாள் என்னிடம். “மத்தவனுவ எல்லாம் கொன்னு போட்டுட்டுப் போயிருவானுவ. இவன் செத்தவன கடசியில எழுப்பி நிறுத்தி பல்லு தேய்க்க வச்சிருக்கான்.”

நான் தலையில் அடித்துக்கொண்டு விஷயத்தை விளக்கினேன். பேர்களை மாற்றி வைக்கிறேன் என்றேன்.

“மாத்தாண்டாம். எனக்குத் தெரியும். அப்படித்தான் கேக்கணும்.”

அதன் பிறகு அந்த வீட்டில் எல்லாக் கதையும் அஞ்சில் தொடங்கி ரெண்டில்தான் முடிந்தது. கார்டு வாரா வாரம் வருவதால் அத்தானையும் அதே வரிசையில் வாசிக்கச் சொன்னேன். வேறு ஆப் போட்டாலும் நான் மெனக்கெட்டு அதே வரிசையில் அடுக்கித் தர வேண்டியிருந்தது.

வேறு ஆப் ஏன் என்றால், மூன்றாவது அடிக்கடி வைஃபையை விட்டுவிட்டு மயங்கி விழுந்தது. நான்காவதுதான் என் பெருமை. மயங்காது, விசாரிக்காது, அலமாரி காட்டாது. எல்லாவற்றுக்கும் மேலே, வாசிப்புக்கு நடுவே யாரும் பேசாத சும்மா நேரத்தை அதுவே வெட்டி எறிந்துவிடும். அத்தானின் வாசிப்பில் சும்மா நேரம் கொஞ்சமா? ‘இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார், கேட்டியா’ என்று புத்தகத்தில் இல்லாத கேட்டியாவைச் சேர்த்து வாசிப்பார். வாசித்துவிட்டு, ஆளில்லாத மாடி அறையில் சற்று நிற்பார். பிறகு, “இந்தத் தோட்டக்காரன் ஆளு சரியில்லன்னு எனக்கு ஒரு இது” என்பார். மறுபடி நிற்பார். பின்னணியில் மீன்காரன் ஹாரன் அடித்துவிட்டுப் போவான். இதையெல்லாம் வெட்டினால் அத்தியாயம் பாதியாகிவிடும். அக்கா என்னை வாழ்த்துவாள் என்று நினைத்துக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே போன் வந்தது. “லே, இத எடு. இது மரியாதையில்லாத சாதனம்.”

“என்னக்கா செஞ்சுது?”

“எடுன்னா எடு.”

மத்தியானம் கடையை அடைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது. “அக்கா, நான்தான் வந்திருக்கேன், கேட்டியளா” என்று குரல் கொடுத்தேன்.

“கேட்டேன்” என்றாள் உள்ளேயிருந்து.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, காதில் இயர்போன் மாட்டி உட்கார்ந்திருந்தாள். நான் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை. நான் எதுவும் சொல்லாமல் நிற்கும்போதே மறுபடி, “கேட்டேன், கேட்டேன்” என்றாள். பிறகு கொஞ்சம் வேகமாக, “அவன் இல்ல, டாக்டராக்கும்… சே, பாஞ்சிட்டுது” என்று போனை மடியில் தட்டினாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அத்தான் கேட்டியா என்று சொல்லி நிற்கிற இடத்தில் அக்கா பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் சந்தேகம் கேட்கிற இடத்தில் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டிருந்தாள். நான் போட்ட உயர்ந்த ஆப் அவளைப் பதில் சொல்ல விடாமல் அந்த இடத்தையெல்லாம் முழுங்கிவிட்டு ஓடியது. கல்யாணம் ஆன நாளிலிருந்து எழுந்து அடுப்படிக்குப் போனவள், கண் போன பிறகு உட்கார்ந்து பதில் சொல்கிறாள். அதுவும் ஆளுக்கு அல்ல, போனுக்கு. எனக்குச் சிரிப்பு வந்தது.

வாசலுக்கே திரும்பிப் போய், செருப்பைச் சத்தமாக உதறிவிட்டு, புதிதாக வந்தவன் போல மறுபடி வந்தேன். ஒன்றும் சொல்லாமல் போனை வாங்கி, சும்மா நேரத்தை வெட்டுகிற வேலையை மட்டும் நிறுத்திக் கொடுத்தேன். கொஞ்சம் ஓடவிட்டுப் பார்த்தாள்.

“இப்போ கொள்ளாம்” என்றாள். மேட்ரன் வாயிலிருந்து என் வேலை நல்லா இருக்கிறது என்று நான் கேட்ட ஒரே வார்த்தை அது.

ஆப் தேர்வு அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். சில மாதம் கழித்து அத்தான் கடைக்கு வந்தார். தொண்டை கட்டியிருந்தது.

“மக்கா, ஒரு காரியம் கேக்கட்டா?”

“நீங்க கேக்காத காரியம் உண்டா அத்தான்?”

அவர் சிரிக்கவில்லை. “அவ கேக்குதாளா, இல்ல சும்மா போட்டு வச்சிருக்காளா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே மேலே சொன்னார். “கெட்டின நாளு தொட்டு கேட்டியா கேட்டியான்னுதான் இரிக்கேன். அவ சவூதியில இருக்கும்போ போன்ல கேட்டியான்னா, கார்டு தீரப் போவுது வையுங்கம்பா. இப்போ செவரப் பாத்து வாசிக்கேன். ஆளில்லாத முறியில கேட்டியான்னு சொல்லிட்டு நிக்கும்போ எனக்கே வெக்கமா இரிக்கு மக்கா. இந்தப் புஸ்தகத்தோட நிறுத்தப் போறேன்.”

சொல்லிவிடலாம்தான். ஆனால் சாத்திய கதவுக்குள் அவள் சொல்கிற பதிலை நான் தூக்கிக்கொண்டு வந்து புதுக்கடை சந்தியில் போட்டால், அவள் அதைக்கூடச் சொல்வதை விட்டுவிடுவாள். அத்தானுக்கு ஒரு தொண்டை மிட்டாய் கொடுத்து அனுப்பினேன். சாயங்காலம் அக்காவிடம் போனேன்.

“அத்தான் வாசிக்கத நிறுத்தப் போறாராம்.”

“நிறுத்தட்டு.”

“நீங்க கேக்கல்லன்னு நெனைக்காரு.”

அக்கா மடியில் கிடந்த இயர்போன் வயரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். பிறகு உத்தரவு போட்டாள்.

“ஒரு ஆப் போட்டுத் தா. இங்கேருந்து பதிலு சொன்னா மாடிக்குப் போவணும். அப்படி ஒண்ணு.”

“அதுக்கு ஆப் வேண்டாம்க்கா. மாடிப்படி இரிக்கு.”

“எறங்குலே வெளிய!”

இறங்கிவிட்டேன். என் வாயை நானே திட்டிக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை அத்தான் மெமரி கார்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடையில் கிடந்த புதுப் போனைப் பார்த்து ‘இது என்னது’ என்றுகூடக் கேட்காமல் போய்விட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. புத்தகம் முடிந்துவிட்டது, இனி கார்டு வராது என்று நினைத்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு முன் பதிவு ஒழுங்காக இருக்கிறதா என்று ஓட்டிப் பார்ப்பது வழக்கம். ‘மூணு’ என்று பேர் வைத்ததைத் தட்டினேன்.

அத்தான் வாசிக்கிறார். குரல் கரகரவென்று இருக்கிறது. ஒரு கேட்டியா. வழக்கம் போல நிற்கிறார். அந்தச் சும்மா நேரத்தில், தூரத்தில் யாரோ சுவரைத் தடவிக்கொண்டு வருகிற சத்தம். ஒவ்வொரு படியாகக் கால் தேடி வைக்கிற சத்தம். கதவு திறக்கிறது.

“கேட்டேன்” என்கிறாள் அக்கா, மூச்சு வாங்க.

அதற்குப் பிறகு வாசிப்பே இல்லை. “பிள்ளே, நீ எப்படி படி ஏறி வந்தே?” என்கிறார் அத்தான். நாற்காலியை இழுக்கிற சத்தம்.

“வாசியுங்க.”

பக்கம் புரள்கிறது. திரும்பவும் புரள்கிறது.

“எங்க விட்டேன்னு தெரியல்ல” என்கிறார் அத்தான்.

“தோட்டக்காரன் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தான்னு சொல்லி விட்டிய. அஞ்சுல அவன் ஊருலயே இல்லன்னு வாசிச்சிய. இந்தத் தடவ அவன் ஆளு சரியில்லன்னு நீங்க சொன்னது சரிதான்.”

கீழே தெருவில் மீன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறான். அவன் போன பிறகு, யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“சளி பிடிச்சிருக்கா?” என்று அக்கா கேட்டாள்.